ஏணி மார்க் துரப்பணம்

பல்லுக்காரர் வீட்டில் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். இத்தனைக்கும் முன்னறையின் நான்கு சுவர்களிலும் நூற்று நாற்பத்துமூன்று கைத்துரப்பணங்கள் தொங்குகின்றன. மரத்திலும் இரும்பிலும் துளை போட, மின்சார டிரில் வருவதற்கு முன்னால் மனிதர்கள் கையால் சுற்றியவை. அவற்றை மாட்டியிருக்கும் ஆணிகளும் கூலிக்கு வந்த தச்சர் அடித்தவைதாம்.

"ஊரையே சல்லடையாக்குற அளவுக்குச் சாமான் இருக்கு. ஒரு காலண்டர் மாட்ட ஓட்டை போடுங்கன்னா, இதெல்லாம் வேலை செய்யுற சாமான் இல்ல, பாக்குற சாமான்கிறாரு" என்பார் அவர் மனைவி. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீருக்கு முன்னால் இந்த வாக்கியம் வந்துவிடும்.

அந்த வீட்டு மாடியில் நான் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தேன். அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டுப் பழக்கம். நில அளவை அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த நாளில் பால்காரருக்குச் சீட்டு எழுதி வைத்தால்கூடப் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போடாமல் விட்டதில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் என் எழுத்தும் ஒரு கெடுதல் செய்தது.

பல்லுக்காரர் பல் பிடுங்குகிறவர் இல்லை, பல் கட்டுகிறவர். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, வேகவைத்து, அரத்தால் ராவி, மெருகேற்றிப் பல் செட்டாக்கிக் கொடுப்பார். அவர் சிரித்தால் வரிசை முத்துப் பிடித்தாற்போல இருக்கும். அதில் ஒன்றுகூடச் சொந்தப் பல் கிடையாது. "இது பல்லு இல்ல தம்பி, கடை போர்டு" என்பார்.

அந்தத் தொழிலில் இரண்டு வேலைகள் முக்கியம். ஒன்று மெருகு. நுரைக்கல் பொடியைக் குழைத்து, சுற்றுகிற துணிச் சக்கரத்தில் வைத்து, நாக்குக்கு ஒரு பொட்டு சொரசொரப்புத் தட்டாதவரை தேய்ப்பது. இன்னொன்று கடி பார்ப்பது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னால், எந்தப் பல் தூக்கலாக இருக்கிறதோ அதன் தலையில் நீலம் ஒட்டும். அதை மட்டும் ராவிவிட வேண்டும். "தூக்கலா இருக்கிறது எதுவும் வாய்க்கு ஆகாது" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். அண்ணி உள்ளேயிருந்து, "அது எனக்குச் சொல்றது" என்பார்.

துரப்பணம் சேர்க்கிற பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், தேய்த்துத்தான் பிடித்தது. முப்பது வருடத்துக்கு முன்பு, மெருகுச் சக்கரத்துக்கு ஒரு பழைய மோட்டார் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனார். மோட்டார் கிடைக்கவில்லை. குவியலுக்கு அடியில் துருப்பிடித்து ஒரு நெஞ்சுத் துரப்பணம் கிடந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வளைந்த ஒரு பித்தளைத் தட்டு. அந்தத் தட்டை நெஞ்சில் வைத்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்திக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பெரிய பல்சக்கரம் சின்னதைச் சுற்றும், சின்னது நுனியில் இருக்கும் ஊசியைச் சுற்றும். எடுத்து வந்து, தொழில் புத்தியில், ஒன்பது நாள் தேய்த்தார். பத்தாவது நாள் அந்தத் தட்டில் முகம் பார்த்து மீசை சீவினாராம். அந்தப் பளபளப்பில் விழுந்தவர்தான். அதையும் சேர்த்துப் பதினொரு துரப்பணங்களை வரிசையாக வாங்கி, வரிசையாகத் தேய்த்தார்.

பதினொன்றாவதை ஓர் இரும்புச் சாமான் கடைக்காரரிடம் காட்டப்போய்ச் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைக்காரர் அப்போதே கிழவர். கையில் வாங்கிப் பார்த்தவர் கேட்டாராம்: "யாரு செஞ்சதுன்னு என்கிட்ட கேக்குறியே, அது எழுதியிருந்த தோலைத்தானய்யா நீ உரிச்சு வச்சிருக்கே?"

அன்றைக்கு நிறுத்தினார். அப்புறம் வந்த எதையும் மண்ணெண்ணெய்த் துணியால் ஒற்றுவதோடு சரி. தேய்த்த பதினொன்றும் ஜன்னலுக்கு மேலே தனி வரிசையாகத் தொங்கின. அண்ணி அதற்கு வைத்த பெயர் மொட்டை வரிசை.

கடைக்காரரிடம் வாங்கிய திட்டுதான் அவரை வேறு ஆளாக்கியது. சாமானைவிட அதைச் செய்தவன் யார் என்பதே பெரிய விஷயமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பழைய இரும்புக் கடைகள், மூடிய பட்டறைகள், ஓய்வுபெற்ற கடைசல்காரர்களின் வீடுகள். அவர் கண்டுபிடித்துச் சொன்னது இது: ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சாமான் கப்பலில் வராமல் நின்றுபோனது. தச்சர்கள் கையைப் பிசைந்தார்கள். அப்போது சந்து பொந்துகளில் இருந்த சின்னப் பட்டறைக்காரர்கள், உடைந்த வெளிநாட்டுத் துரப்பணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். சைக்கிள் ரிப்பேர்க்காரர், மணி வார்க்கிறவர், தையல் மெஷினுக்கு உதிரி செய்தவர். ஆனால் கடைக்காரர்கள், "உன் பேரைப் போட்டா எவன் வாங்குவான்? ஒண்ணும் போடாதே, வெளிநாட்டுச் சாமான்னு சொல்லி வித்துக்கிறோம்" என்றார்கள்.

வயிற்றுக்காகச் சரி என்றார்கள். மனசு கேட்கவில்லை. மணி வார்க்கிறவர் கைப்பிடியின் பொந்துக்குள் ஒரு மீனைச் செதுக்கினார். சைக்கிள்காரர் திருகாணிக்கு அடியில் மனைவி பெயரின் முதல் எழுத்தை வைத்தார். பல்லுக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து இப்படி ஒன்பது பேரைக் கண்டுபிடித்து, அவர்கள் பிள்ளைகளைத் தேடிப்போய்க் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார்.

"வாயைப் பாக்குறதும் பல்லை எண்ணுறதும் தொழில்னா, லீவு நாள்ளயும் சக்கரத்துல பல்லு எண்ணுற மனுஷனை எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்று அண்ணி என்னிடம் கேட்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி என் பல்லை எண்ணுனாரோ என்னமோ."

"முப்பத்தொண்ணு" என்பார் அவர், தலை தூக்காமல்.

அவருக்குக் கிடைக்காதது ஒன்று இருந்தது. அந்தக் கிழக் கடைக்காரர் சாவதற்கு முன் சொன்னது. "எல்லாத்தையும்விட நல்ல நெஞ்சுத் துரப்பணம் ஏணி மார்க்குதான்யா. நெஞ்சு வலிக்காது. தச்சுக்காரங்க பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குவாங்க. ரெண்டு வருஷம்தான் வந்துச்சு. மொத்தம் அறுபது எழுபது இருக்கும். செஞ்சவன் போய்ச் சேந்துட்டான், குடும்பம் எங்கயோ போயிடுச்சு." ஏணி எந்த இடத்தில் வெட்டியிருக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, அவருக்கே மறந்திருக்கலாம். பதினெட்டு வருடம் பல்லுக்காரர் அதைத் தேடினார். கையில் எடுத்த ஒவ்வொரு துரப்பணத்தையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார். மொட்டை வரிசையைக் கழற்றிப் பார்க்கவில்லை. கண்ணாடிபோல் கிடப்பதில் என்ன இருக்கப்போகிறது?

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். ஒரு வாரப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதி அனுப்பினேன். போட்டார்கள். பட்டத்தோடு என் பெயர். ஊருக்குப் பத்துப் பிரதி அனுப்பினேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அந்தக் கட்டுரையின் கடைசி வரி இது: "பதினெட்டு ஆண்டுகள் சல்லடை போட்டுச் சலித்தும் ஏணி மார்க் துரப்பணம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, அது இன்று எங்குமே இல்லை." பல்லுக்காரர் என்னிடம் சொன்னது, "எனக்கு இன்னும் கிடைக்கல தம்பி" என்பது மட்டும்தான். முடிவுக்கு ஒரு கனம் வேண்டும் என்று "எங்குமே இல்லை"யை நான் சேர்த்தேன். படித்துவிட்டு அவர், "எங்குமேன்னு ஏன் போட்டே?" என்று கேட்டார். "அப்பத்தான்ணே படிக்கிறவங்களுக்குச் சுருக்குனு இருக்கும்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளி விடுதியில் சமையல் பார்த்து ஓய்வுபெற்றவர். நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். பையிலிருந்து கட்டுரையை எடுத்தார். மளிகை கட்டி வந்த தாளாம், எண்ணெய்க் கறையோடு இருந்தது.

"இந்த ஏணி மார்க் செஞ்சவரு எங்கப்பாதாங்க" என்றார்.

பல்லுக்காரர் கையில் இருந்த அரத்தைக் கீழே வைக்க மறந்து எழுந்து நின்றார். அண்ணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மா சுவரைச் சுற்றிப் பார்த்தார். "யப்பா! எங்கப்பா இதைப் பாத்திருந்தா இங்கயே குடி வந்திருப்பாரு."

அப்பாவைப் பற்றி அவர் சொன்னது ஓர் அட்டைக்கு மேல் இருந்தது. வெள்ளையடிக்கிறவரிடம் ஏணி பிடிக்கிற ஆளாக இருந்தவர். பிறகுதான் பட்டறைக்கு வந்து வேலை பழகினார். அங்கேயும் எல்லாரும் அவரை, "டேய் ஏணி" என்றே கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயரையே மார்க்காக வெட்டினார். கடைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க, தட்டில் நெஞ்சு படாத பின்பக்கம், தண்டு வந்து சேர்கிற இடத்துக்கு ஓரமாக. இரண்டு நெட்டுக் கோடு, மூன்று படி. அவ்வளவுதான். உளியால் லேசாக.

"எனக்கு ஏழு வயசுல லேத் பெல்ட்டுல மாட்டி எங்கப்பா போயிட்டாரு. பட்டறையில இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு அம்மா எங்களை மாமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. போட்டோ கிடையாது. முகம்கூட மறந்துபோச்சு அண்ணா. ஒரு சத்தம்தான் ஞாபகம் இருக்கு."

"என்ன சத்தம்மா?"

"டொக்குனு ஒரு சத்தம். எங்கப்பா சக்கரத்துல ஒரே ஒரு பல்லை மட்டும் வேணும்னே கொஞ்சம் தூக்கி வைப்பாரு. ஒரு சுத்துக்கு ஒரு டொக். துளை எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தச்சுக்காரங்க குனிஞ்சு பாக்க வேண்டியதில்ல, டொக்கை எண்ணிக்கிட்டா போதும். செஞ்சு முடிச்சதும் என்னை மடியில உக்கார வச்சுச் சுத்தச் சொல்லுவாரு. நான் சுத்துவேன், அவரு எண்ணுவாரு. எண்ணுறப்ப அவரு நெஞ்சு என் முதுகுல அதிரும்." கட்டுரைத் தாளை மடியில் வைத்து நீவிவிட்டார். "எங்குமே இல்லைன்னு போட்டிருந்தீங்க. இருந்தாலும், அடையாளம் தெரியாம எங்கயாவது விட்டிருப்பீங்களோன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். அந்தச் சத்தத்தை ஒருதடவை கேட்டுட்டா எனக்குப் போதும்."

பல்லுக்காரர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பாக வெளுத்துப்போனது.

அண்ணி கதவோரத்தில் நின்றவர், "ஏங்க, அந்த மொத..." என்று ஆரம்பித்தார்.

"காப்பி கொண்டா" என்றார் இவர். அப்படி ஒரு அதட்டலை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. அண்ணி உள்ளே போய்விட்டார். இவர் அந்த அம்மாவிடம், "தேடிப் பாக்குறேம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு நடை வர முடியுமா?" என்று கேட்டார்.

"கிடைக்குமா அண்ணா?"

"பாக்குறேன்."

அந்த ஒரு வாரம். அன்றைக்கே பல்லுக்காரர் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் வேறாக முடிந்திருக்கும். "நல்லாத் தெரியாம எப்படிம்மா சொல்றதுன்னு நினைச்சேன்" என்று பின்னால் அண்ணியிடம் சொன்னாராம். அது பாதி உண்மை. மீதிப் பாதி பயம்.

அந்த அம்மா தெருமுனை தாண்டியதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, மொட்டை வரிசையின் முதல் துரப்பணத்தை இறக்கினார். தட்டின் பின்பக்கம் கண்ணாடியாக இருந்தது. கைப்பிடியைச் சுற்றினார். வெண்ணெயில் கத்தி போனாற்போல ஓடியது. ஒரு சத்தமில்லை.

"நான்தான் தம்பி" என்றார். "வாங்கிட்டு வந்தப்ப ஒரு சுத்துக்கு ஒருதடவை தட்டுச்சு. பல்லு தூக்கலா இருக்குன்னு நினைச்சேன். சக்கரத்துக்கு நடுவுல நீலத்தாளை விட்டுச் சுத்துனேன். ஒரே ஒரு பல்லுல நீலம் ஒட்டுச்சு. ராவிட்டேன். சரியாப் பண்ணிட்டோம்னு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

அண்ணி வந்து பக்கத்தில் நின்றார். "தட்டுக்குப் பின்னாடி சீப்பு மாதிரி ஏதோ கீறல் கிடக்குதுன்னு என்கிட்டகூடக் காட்டுனீங்க. இது போக மூணு நாள் ஆச்சுன்னு சொன்னீங்க."

அவர் தட்டின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். மூன்று நாள் தேய்த்து எடுத்த கீறல்.

திங்கள்கிழமை பூதக்கண்ணாடியை வைத்து வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை திராவகத்தை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். அழுத்தி வெட்டிய எழுத்தாக இருந்தால் அடியில் சுவடு தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லேசாக வெட்டியதற்கு எங்கே சுவடு? பித்தளை ஓரிடத்தில் கறுத்ததுதான் மிச்சம். பல்சக்கரத்தில் ஒரு பல்லின் தலை மட்டும் மற்றவற்றைவிடத் தட்டையாக இருந்தது. யாரோ ராவியிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. ஏணிக்காரர் செய்தது என்பதற்கு இல்லை.

புதன்கிழமை மாலை நான் யோசனை சொன்னேன். படித்தவன் அல்லவா?

"அண்ணே, ஒரு ஏணி வெட்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"அந்தப் பல்லு மேல ஒரு பொட்டு உலோகம் வச்சு ஏத்துறதுக்கு?"

"அரை மணி."

"அப்புறம் என்னண்ணே? இருந்ததைத்தானே திருப்பி வைக்கிறோம். பொய் இல்லையே. அந்தம்மா டொக்குச் சத்தத்தைக் கேட்டுட்டு நிம்மதியாப் போவாங்க."

அவர் துரப்பணத்தை மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "பல்லு போன வாய்க்குப் பல்லு கட்டுறவன் தம்பி நான். கட்டுன பல்லைச் சொந்தப் பல்லுன்னு சொல்லி யாருக்கும் கொடுத்ததில்ல."

சொன்னாரே தவிர, வியாழக்கிழமை அவர் மேசையில் ஒரு துண்டுப் பித்தளையைப் பார்த்தேன். அதில் ஏணி இருந்தது. இரண்டு நெட்டுக் கோடு, மூன்று படி. அவ்வளவு அழகாக, கை நடுக்கமே இல்லாமல். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எடுத்து அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, குப்பைத் தொட்டியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். இந்த முறை வெளுத்து மடித்து வைத்திருந்த புடவை. கையில் ஒரு மெல்லிய துண்டு; கிடைத்தால் சுற்றி எடுத்துப்போக இருக்கலாம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கிடைச்சுதா அண்ணா?"

பல்லுக்காரர் துரப்பணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். "இதுதாம்மா."

அந்த அம்மா வாங்கியதும் முதலில் தட்டைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தண்டின் ஓரமாகத் தடவினார். இன்னொரு முறை தடவினார். பிறகு தட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கைப்பிடியைச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு. ஐந்து. சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. அவர் உதடு எண்ணுவதற்குத் தயாராகத் திறந்து, அப்படியே நின்றது.

கண்ணைத் திறந்தார். "ஏணி இல்லையே அண்ணா. சத்தமும் இல்லையே."

பல்லுக்காரர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. துரு, ஒன்பது நாள், நுரைக்கல் பொடி, சீப்புப் போன்ற கீறல், நீலத்தாள், ராவிய பல். சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. "உங்கப்பா வேணும்னு வச்சதை நான் தப்புன்னு நினைச்சுட்டேம்மா. ரெண்டையும் நான்தான் அழிச்சேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க."

அந்த அம்மா கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பல்லுக்காரரையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மெதுவாக இளகியது. அடுப்படியில் பிள்ளை ஏதோ கதை விடும்போது அம்மாக்கள் பார்ப்பார்களே, அப்படி.

"போன வாரம் நான் இந்த அடையாளமெல்லாம் சொன்னப்ப, நீங்க இதைச் சொல்லலையே அண்ணா."

"அப்போ எனக்கு..."

"ஏணியும் தேஞ்சுபோச்சு, பல்லும் தேஞ்சுபோச்சு. நான் சொன்ன ரெண்டுமே."

"ஆமாம்மா. அதான் நடந்துச்சு."

அண்ணி முன்னால் வந்தார். "சத்தியமா நடந்துச்சுங்க. அந்தக் கீறலை என் கண்ணால பாத்தேன்."

"நீங்க அவரு சம்சாரம். வேற என்ன சொல்லுவீங்க?" என்று அந்த அம்மா சிரித்தபடி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நான் படிச்சவன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. இது உங்கப்பா செஞ்சதுதான்" என்றேன்.

"நீங்கதானே தம்பி எழுதுனீங்க, எங்குமே இல்லைன்னு? அச்சுல வந்ததுதான் நிஜமா இருக்கும்." கட்டுரையை வைத்திருந்த பையை ஒரு தட்டுத் தட்டினார். "எம்மேல இரக்கப்பட்டு மூணு பேரும் பேசி வச்சிருக்கீங்க. தெரியுது."

துரப்பணத்தை மேசைமேல் வைத்தார். துண்டைத் திரும்பவும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். காப்பி குடித்தார். அண்ணி செய்த காப்பி நன்றாக இருக்கிறது என்றார். மற்ற துரப்பணங்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மீன் வெட்டியிருந்ததைக் காட்டச் சொல்லிப் பார்த்து, "இவங்க வீட்டுல குடுத்து வச்சவங்க" என்றார்.

பஸ் நிறுத்தம்வரை நாங்கள் போனோம். பல்லுக்காரர் துரப்பணத்தை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். வழியெல்லாம், "நம்ப வேண்டாம்மா, சும்மா எடுத்துட்டுப் போங்க. வீட்டுல கிடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிச்சை கேட்கிறவர்கூட அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பஸ் வந்ததும் அந்த அம்மா நின்று சொன்னார்: "யாரோ ஒருத்தரு செஞ்சதை எங்கப்பான்னு வீட்டுல வச்சுக்கக் கூடாது அண்ணா. இதைச் செஞ்சவருக்கும் ஒரு பொண்ணு இருப்பா, இல்லையா? அவ வந்து கேட்டா குடுங்க."

ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எனக்காக ஒரு பொய் சொல்லணும்னு உங்களுக்குத் தோணுச்சே. கூடப் பொறந்தவங்களே செய்ய மாட்டாங்க. நல்லா இருங்க அண்ணா."

பஸ் போய்விட்டது. பல்லுக்காரர் பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸின் நடத்துநர் படியில் நின்று, "ஐயா, ஏறுறீங்களா இல்லையா?" என்று கேட்கும்வரை நின்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும், அந்த அம்மா வேலை பார்த்த விடுதியில் விலாசம் கேட்டு எழுதிவிடலாம் என்றேன். அன்றிரவே ஒரு கடிதம் தயார் செய்தேன். நான்கு பக்கம். நடந்ததெல்லாம் வரிசையாக, கோவையாக, முடிவில் உருக்கமாக. காலையில் பல்லுக்காரர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. இவ்வளவு நல்லா இருந்தா நம்ப மாட்டாங்க." அவரே எழுதினார். பல் செட்டுக்கு அளவு குறிக்கிற கையெழுத்தில், தப்பும் தவறுமாக, ஒன்றரைப் பக்கம். பதில் இல்லை. இரண்டாவதும் எழுதினார். மூன்றாவதுக்குத்தான் ஓர் அஞ்சலட்டை வந்தது. குழந்தைக் கையெழுத்து, பேத்தி எழுதியதாக இருக்கும்.

"அண்ணாவுக்கு வணக்கம். கடுதாசி எல்லாம் வந்தது. திரும்பத் திரும்ப அதையே எழுதி உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். எங்கப்பாவுடையது எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள். நான் வருகிறேன்."

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. எனக்கு வேலை மாற்றலாகிவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குப் போயிருந்தேன். பின்னறையில் ஒரு பெரியவருக்குப் பல் செட்டுப் பொருத்திக்கொண்டிருந்தார். நீலத்தாளைக் கொடுத்து, "கடிங்க" என்றார். பெரியவர் கடித்தார். எடுத்துப் பார்த்தவர் ஒரு பல்லில் நீலம் ஒட்டியிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ராவுகிற கருவி கையில் இருந்தது; பல்லில் வைக்கவில்லை. "இது உறுத்துதாங்க?" என்று கேட்டார். அந்தத் தொழிலில் யாரும் அதைக் கேட்பதில்லை. நீலம் ஒட்டினால் ராவ வேண்டியதுதான்.

"கொஞ்சம் உறுத்துது" என்றார் பெரியவர்.

"நிச்சயமா?"

"என்னய்யா, எழுதிக் குடுக்கணுமா?"

அப்புறம்தான் ராவினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இரும்புக் கடைக்குப் போகிறாரா என்று அண்ணியிடம் கேட்டேன். "போறாரு. ஏணி மார்க்கைத் தேடிப் போறாரு" என்றார். "ஒண்ணு கிடைச்சா அந்தம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுவேன்கிறாரு. அறுபது எழுபதுல ஒண்ணு எங்கயாவது இருக்காதா?"

முன்னறைச் சுவரில் ஜன்னலுக்கு மேலே பத்துதான் தொங்கின. முதல் ஆணி காலியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"மாட்டலையாண்ணே?"

"என்னோடது இல்லையே தம்பி" என்றார். "அந்தம்மாவும் தன்னோடது இல்லைங்கிறாங்க."

பல் செய்கிற மேசைக்கு அடியில், அதே பைக்குள், அது இருந்தது.